மேடு பார்த்து நின்ற கார்

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸாப் குழு உண்டு. பாறசாலையிலிருந்து ஆற்றிங்கல் வரை பட்டறை வைத்திருப்பவர்கள், பட்டறையில் வேலை பார்ப்பவர்கள், என்னைப்போல வேலையை விட்டு வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறோம். போன வாரம் நெய்யாற்றின்கரைக்காரர் ஒருவர் கேட்டிருந்தார்: "பழைய வண்டி. சில நாள் ஸ்டார்ட் ஆகும், சில நாள் ஆகாது. பேட்டரி மாத்தியாச்சு, செல்ஃப் மோட்டாரும் மாத்தியாச்சு. இனி என்ன செய்ய?"

பதில்கள் மளமளவென்று வந்து விழுந்தன. சாவி சுவிட்சை மாற்று, ரிலேயை மாற்று, ஒயரிங்கை முழுக்க மாற்று. ஒருவர் வண்டியையே மாற்று என்று எழுதிச் சிரிக்கிற முகம் ஒன்றையும் போட்டிருந்தார்.

ஸ்டார்ட் ஆகாத நாளில் வண்டி எந்த இடத்தில் நின்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "அக்கா, அனுபவம் இருக்கும்போல. விவரமா எழுதுங்க" என்றார் அவர். திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில், மகன் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். கார் மட்டும் வருவேன் என்கிறதா? டாக்டர் கோமதியும் கூடவே வருகிறார். அவரை விட்டுவிட்டு எழுத எனக்குத் தெரியவில்லை.

என் பெயர் செண்பகம். பிறந்தது நாகர்கோவில் பக்கம். கல்யாணமாகி திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் அங்கே ஒரு பலசரக்கு மொத்தக்கடையில் கணக்குப் பார்த்தார். கிள்ளிப்பாலத்துப் பட்டறை ஒன்றில் செல்ஃப் மோட்டாருக்கும் டைனமோவுக்கும் செப்புக்கம்பி சுற்ற ஆள் தேடினார்கள். பெண்கள் இழுத்தால் கம்பி அறாது என்று யாரோ சொல்லி என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். சில வருஷம் பின்கட்டு மேசையில் கம்பிதான் சுற்றினேன். அங்கிருந்த எலெக்ட்ரீஷியன் ஷார்ஜாவுக்குப் போனதும் மோட்டாரைக் கழற்ற, மாட்ட என்று வண்டிகளுக்கு அடியில் போக ஆரம்பித்தேன். அப்புறம் பானட்டுக்கு உள்ளே இருக்கிற எல்லா ஒயரும் என் பொறுப்பு ஆயிற்று. சேலை சரிப்படாது. சுடிதாருக்கு மேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டேன். முதலில் பார்த்தவர்கள் சிரித்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள்.

பட்டறையின் ஃபோர்மேன் பாஸ்கரண்ணன். கிரீஸுக்கு நடுவில் வெள்ளை அரைக்கைச் சட்டை போடுகிற மனிதர். சாயங்காலம் வரை அந்தச் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார். வண்டி வந்தால் உடனே பானட்டைத் திறக்க விடமாட்டார். வண்டிக்காரரை ஸ்டூலில் உட்காரவைத்து, சாயா வரவழைத்து, முதலிலிருந்து சொல்லச் சொல்வார். நடுவில் நாங்கள் வாய் திறந்தால் திரும்பி ஒரு பார்வை. கோபம் வந்தால் அவர் குரல் உயராது, தாழும். என்ன திட்டுகிறார் என்று கேட்கவே பக்கத்தில் போய் நிற்கவேண்டும். அதுதான் எங்களுக்குப் பெரிய தண்டனை.

அவர் எங்களுக்குப் போட்டிருந்த கட்டளை இரண்டு. பழுது நம் கண்முன்னால் வராமல் எந்த பார்ட்டையும் மாற்றக்கூடாது. சரிசெய்த பிறகு, பழைய பார்ட்டைத் திரும்ப மாட்டி, பழுதை மறுபடி வரவழைத்துக் காட்டவேண்டும். "ஊகிச்சு மாத்தினா கம்ப்ளெய்ண்டு போகும், எதனால போச்சுன்னு தெரியாது. பின்னே அது திரும்பி வரும், நம்மளோட முகத்திலே பார்த்து சிரிக்கும், மனசிலாயோ?" என்பார். எங்களுக்கு இது பாதி நாள் எரிச்சல். இரண்டு நிமிஷ வேலைக்கு இரண்டு மணிநேரம் பிடிக்கும்.

டாக்டர் கோமதி தன் காரோடு வந்தது ஒரு மழைக்காலத் தொடக்கத்தில். பிஸ்கெட் நிறம், உருண்டை முகப்பு, அப்போதே வயதான வண்டி. டாக்டருக்கு அறுபது இருக்கும். பருத்திச் சேலை, ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம், நரைத்த தலையில் இறுக்கிய கொண்டை. கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்தவர். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ டாக்டராக இருந்து ஓய்வு பெற்றபின், வீடுவீடாகப் போய் கர்ப்பிணிகளைப் பார்த்துவந்தார். பேருந்து ஏற முடியாத குன்றுகளின்மேல் இருந்தவர்களுக்கு அவர் வருவது பெரிய உபகாரம்.

ஸ்டூலில் உட்கார்ந்து அவர் சொன்னது இது. "சில நாள் சாவியைத் திருப்பினா டக்னு ஒரு சத்தம். அவ்வளவுதான், செல்ஃப் சுத்தறதில்லே. யாராவது நாலு பேர் தள்ளிவிட்டு, அப்புறம் திருப்பினா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆயிடறது. ரெண்டு ஒர்க்‌ஷாப் பாத்தாச்சு. பேட்டரி புதுசு, செல்ஃப் புதுசு. போன வாரம் ஒரு பிரசவத்துக்குக் கிளம்பி, முந்தின வீட்டு வாசல்லேயே மாட்டிண்டேன். ஆட்டோ பிடிச்சுப் போறதுக்குள்ளே குழந்தை பிறந்தாச்சு. நல்லபடியா பிறந்தது, அது என் அதிர்ஷ்டம். அடுத்த தடவை அப்படி இருக்குமா?"

பாஸ்கரண்ணன் என் பக்கம் திரும்பினார். "செண்பகம், நோக்கு."

நோக்கினேன். பேட்டரி முனைகள் சுத்தம். மீட்டரின் முள் எல்லா இடத்திலும் நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. இன்ஜினைச் சூடாக்கிப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒயர்களைக் கையால் ஆட்டிப் பார்த்தேன். சாவியைத் திருப்பும்போதெல்லாம் அந்தக் கார் எங்கள் பட்டறைத் தரையில் நல்ல பிள்ளையாக ஸ்டார்ட் ஆயிற்று. இரண்டு நாள் வைத்திருந்தும் பழுது எட்டிப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு துப்பு கிடைத்தது. அதையும் டாக்டர்தான் தந்தார். ஸ்டார்ட் ஆகாத நேரத்தில் ஹாரன் எப்படி, விளக்கு எப்படி என்று கேட்டேன். "விளக்கு ஜோரா எரியும். சாவியைத் திருப்பறப்பவும் மங்காது" என்றார். பேட்டரி தீர்ந்துபோனால் சாவியைத் திருப்பும்போது விளக்கு மங்கும். மங்கவில்லை என்றால் பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, செல்ஃபுக்குப் போய்த் திரும்பி வருகிற வழியில் எங்கோ தடை. எங்கே என்று மட்டும் தெரியவில்லை.

"கம்ப்ளெய்ண்டு இங்கே வராது. நீ வண்டியோட போ" என்றார் பாஸ்கரண்ணன்.

அப்படித்தான் மத்தியானங்களில் டாக்டரின் பக்கத்து சீட்டில் உட்கார ஆரம்பித்தேன். மடியில் ஒரு துணிப்பை. அதில் மீட்டர், ஸ்பேனர்கள், இரண்டு முனையிலும் கவ்வி வைத்த தடித்த கேபிள். டாக்டர் மோசமாக வண்டி ஓட்டுவார். கிளட்சிலிருந்து காலை எடுக்கவே மாட்டார்.

"கால எடுங்க டாக்டரம்மா, பிளேட்டு தீஞ்சு போவும்."

"நீ எலெக்ட்ரீஷியன்தானேடி? கிளட்சைப் பத்தி உனக்கென்ன?"

"தீஞ்ச நாத்தம் எனக்குத்தான முதல்ல அடிக்கு!"

அவர் வாய்விட்டுச் சிரிப்பார். அந்த வயதுவரை ஒரு டாக்டர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சில வீடுகளில் அவர் உள்ளே போய் வரும்வரை காரில் இருப்பேன். சில வீடுகளில் கூடவே போவேன். அவர் ஒரு பெண்ணைப் பார்க்கிற விதம் எனக்குப் பிடித்திருந்தது. உடனே தொடமாட்டார். கட்டிலில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். ஒருநாள் முதுகு வலிக்கிறது என்று அழுத பெண்ணிடம், வலி எங்கே, எப்போது என்றெல்லாம் கேட்கவில்லை. "எப்படி கிடக்கும்போழா வேதன? சரிஞ்ஞா, மலர்ந்நா?" என்றுதான் கேட்டார். காருக்குத் திரும்பியதும் ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்றேன். "மல்லாந்து படுத்தா ஒண்ணு, ஒருக்களிச்சா ஒண்ணு. உடம்பு எப்படிக் கிடக்குங்கறதைப் பொறுத்து உள்ளே இருக்கறதெல்லாம் இடம் மாறும், கேட்டியா?" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். நானும் கேட்டுக்கொண்டேன். காரைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நாட்கள் போயின, கார் ஒருமுறைகூட மக்கர் பண்ணவில்லை. பட்டறையில் என் மேசையில் வேலை குவிந்தது. பாஸ்கரண்ணன் ஒரு காலை தாழ்ந்த குரலில், "செண்பகம், நீ டாக்டருக்க கிட்ட ஜோலிக்குச் சேர்ந்நோ?" என்று கேட்டார். இன்றைக்கு ஒருநாள் மட்டும் என்று கெஞ்சிவிட்டுப் போனேன்.

அன்று மத்தியானம் நல்ல மழை. குடப்பனக்குன்னில் சிந்து என்று ஒரு பெண்ணின் வீடு. பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது, சும்மா பார்த்துவரத்தான் போனோம். வழக்கமாக டாக்டர் குன்றின் உச்சியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, இறக்கம் பார்க்க நிறுத்துவார். அன்று உச்சியில் ஒரு லாரி செங்கல் இறக்கிக்கொண்டிருந்ததால் திருப்ப முடியவில்லை. மேடு பார்த்தபடியே வாசலில் நிறுத்தினார்.

டாக்டர் மட்டும் உள்ளே போன சிறிது நேரத்தில் அவர் குரல் கேட்டது. "செண்பகம், வா. ஒரு கை பிடி." சிந்துவுக்கு வலி எடுத்திருந்தது. டாக்டர் குழாயை வயிற்றில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "குழந்தையோட துடிப்பு குறையறது. ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே." சிந்துவின் அம்மாவும் நானுமாக அவளைப் பின்சீட்டில் ஏற்றினோம். டாக்டர் சாவியைத் திருப்பினார்.

டக்.

மறுபடி திருப்பினார். டக். முன்விளக்கு மழைக்குள் ஜோராக எரிந்தது.

லாரியில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். வண்டியைப் பின்னால் இறக்கத்தில் விட்டு, தட்டையான இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று கை வைத்தார்கள். பின்னால் பாதை வளைகிற இடத்தில் கைப்பிடிச் சுவர் இல்லை. மழைத்தண்ணீர் பாதையில் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது.

"தள்ளாண்டாம்!" என்று கத்தினேன். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ. பானட்டைத் திறந்துகொண்டே டாக்டரைப் பார்த்தேன். "டாக்டரம்மா, ஒரே ஒரு தடவ சாவியத் திருப்புங்க. அதுல தெரியலேன்னா தள்ளட்டும்."

அவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என்னை ஒரு நொடி பார்த்தார். பின்சீட்டில் சிந்து முனகினாள். "சரி. சொல்லு" என்றார்.

மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்தேன், மறுமுனையை இன்ஜின் உடம்பில். இவை இரண்டும் தடித்த எர்த் பட்டையால் இணைந்தவை. பட்டை நன்றாக இருந்தால் சாவியைத் திருப்பும்போது முள் அசையக்கூடாது.

"திருப்புங்க."

முள் எகிறிக் கடைசிக்குப் போயிற்று. ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தொட்டேன், சுட்டது. பட்டையில் வழியில்லாமல் கரண்ட் அந்த ஒல்லிக் கம்பி வழியாகத் திரும்பப் பார்த்திருக்கிறது. துணிப்பையைத் தரையில் கவிழ்த்து தடித்த கேபிளை எடுத்தேன். ஒரு கவ்வியை பேட்டரி நெகட்டிவில் கடிக்க வைத்தேன், மற்றதை இன்ஜினின் கொக்கியில்.

"இப்போ!"

முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்தது. கேபிளை அப்படியே விட்டு பானட்டை மெல்ல மூடி, ஓடிப்போய் ஏறினேன். பொருட்கள் மழையில் சிதறிக் கிடந்தன, லாரிக்காரர்கள் பொறுக்கி வைத்தார்கள். டாக்டர் உச்சிக்கு ஏற்றி, லாரியை ஒதுக்கிக் கொடுத்த இடத்தில் திருப்பி, ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் இறங்கினார். அன்று ஒருமுறைகூட அவர் கிளட்சில் கால் வைத்து ஓட்டவில்லை.

ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் காக்கிச் சட்டையோடு தண்ணீர் சொட்ட நின்றுகொண்டிருந்தேன். டாக்டர் வெளியே வந்து, தன் சேலைத் தலைப்பால் என் தலையைத் துவட்டிவிட்டார். அம்மா போனபின் என் தலையை யாரும் துவட்டியதில்லை.

மறுநாள் பட்டறையில் பட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். வெளியே பார்க்க முழுசாக இருந்தது. பாஸ்கரண்ணன் அதன் முனையை விரலால் வளைத்தார். ஈய மூடிக்கு உள்ளே இழைகள் பூராவும் அறுந்து, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தன. இன்ஜினைத் தாங்குகிற ரப்பர்களும் நைந்திருந்தன. கார் மேடு பார்த்து நின்றால் இன்ஜின் ஒரு விரற்கடை பின்னால் சரியும். பட்டை இழுபடும், இழைகள் விலகும். தட்டையான தரைக்கு வந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். தள்ளிக்கொண்டுபோய் தட்டையில் விட்டவர்கள் தாங்கள் அறியாமலே அதைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். எங்கள் பட்டறைத் தரையோ மட்டப்பலகை வைத்துப் பூசியது. முதுகு வலித்த பெண்ணிடம் டாக்டர் கேட்ட கேள்வி எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவரிடம் சொன்னபோது, "அப்போ ஃபீஸ்ல பாதி எனக்கு" என்றார்.

புதுப் பட்டை போட்டு அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். பாஸ்கரண்ணன் விடவில்லை. பழைய பட்டையைத் திரும்ப மாட்டச் சொன்னார். முன்சக்கரங்களை மரக்கட்டைகள்மேல் ஏற்றி மூக்கைத் தூக்கவைத்தார். டக். இறக்கவைத்தார், ஸ்டார்ட் ஆயிற்று. ஏற்றினார், டக். பிறகு புதுப் பட்டை, புது ரப்பர். ஏற்றினார், ஸ்டார்ட் ஆயிற்று. திரும்பத் திரும்பப் பார்த்தார். கட்டியிருந்த கைகளை அவிழ்த்து பானட்டின் மேல் ஒரு உள்ளங்கையை வைத்தார். "நந்நாயி" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அந்தச் சொல்லைச் சொன்னது அன்றுதான். வெள்ளைச் சட்டையின் கையோரத்தில் கிரீஸ் பட்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

நெய்யாற்றின்கரைக்காரருக்கு வேண்டியது இவ்வளவுதான். எர்த் பட்டையைப் பாருங்கள், வண்டி நிற்கிற சரிவில் வைத்தே பாருங்கள். ஆனால் எழுத உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை.

காருக்கு ஒன்றுமில்லை என்று ஆன பிறகும் நான் டாக்டரோடு போனேன். வாரத்தில் ஒரு மத்தியானம் பட்டறைக்கு வெளியே ஹாரன் கேட்கும். "வண்டியில என்னமோ ஒரு சத்தம் வரது பாஸ்கரன், செண்பகத்தை அனுப்புங்கோ" என்பார். என்ன சத்தம் என்று பாஸ்கரண்ணன் கேட்டதே இல்லை, போகச் சொல்லிக் கையைக் காட்டுவார். கர்ப்பிணிகளைப் பார்த்து முடித்து, பேரூர்க்கடையில் நிறுத்தி, சாயாவும் பழம்பொரியும் வாங்கி, காருக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். மழையென்றால் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசிக்கொண்டே இருப்போம். பட்டறையில் என்னைச் சுற்றி எல்லாரும் ஆண்கள். வீட்டில் அரிசி விலையும் பிள்ளையின் பள்ளிக்கூடமும்தான் பேச்சு. இன்றைக்கு என்ன வேலை பார்த்தாய், அது எப்படி வந்தது, உனக்கு என்ன தோன்றியது என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருந்த ஒரே மனுஷி அவர். செல்ஃப் மோட்டாருக்குள் சுழலும் ஆர்மெச்சரில் கம்பி எப்படிச் சுற்றுவது என்று ஒருநாள் கேட்டார். கைக்குட்டையில் நூலைச் சுற்றிக் காட்டினேன். "தையல் போடறதைவிட கஷ்டமா இருக்கேடி" என்று அவரும் சுற்றிப் பார்த்தார். அந்தக் கைக்குட்டை அன்று சாயங்காலம் வரை அவர் விரலில் சிக்கிக் கிடந்தது.

எழுபது தாண்டியதும் அவருக்குக் கண் பார்வை குறைந்தது. நியூசிலாந்தில் இருந்த மகள் வந்து கையோடு கூட்டிப்போனாள். காரை வர்க்கலையிலிருந்து ஒருவர் வாங்கிப்போனார். விமான நிலையத்தில் உள்ளே போகும் வாசல்வரை போய்விட்டு, மகளை நிற்கச் சொல்லி, டாக்டர் திரும்பி நடந்து வந்தார். ஏதோ சொல்லத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாயா குடிச்சியா?" என்று மட்டும் கேட்டார். குடித்தேன் என்றேன். குடிக்கவில்லை.

பாஸ்கரண்ணன் போய்ச் சேர்ந்தார். பட்டறை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. எனக்கும் முழங்கால் ஒத்துழைக்காமல் போய், மகனோடு இங்கே வந்துவிட்டேன். கீழே வரிசையாக நிற்கிற கார்கள் நல்ல கார்கள்தான், அவற்றின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மத்தியானம் ஆனால்தான் ஒரு மாதிரி இருக்கும். கிளம்பி எங்கோ போகவேண்டியவள் மறந்துபோய் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். மருமகள், "எந்தா அம்மே, எழுந்து எழுந்து நோக்குறீங்க?" என்பாள். ஒன்றுமில்லை என்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டரின் மகள் போன் போட்டுக் கொடுக்கிறாள். இப்போதெல்லாம் டாக்டர் அதிகம் பேசமாட்டார். நான்தான் பேசுவேன். போன ஞாயிறு இங்கே மழை. போனை பால்கனிக் கம்பிக்கு வெளியே நீட்டிக் கேட்கவைத்தேன். வைத்துவிட்டாரோ என்று காதில் வைத்தேன்.

"செண்பகம்" என்றார். கோட்டைக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோல அத்தனை பக்கத்தில் கேட்டது. "நாளைக்கு மத்தியானம் சும்மாத்தானே இருக்கே? கிளம்பி இரு. நான் வரேன்."

மறந்துபோய்ச் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

"சரி டாக்டரம்மா. வாசல்ல நிக்கேன்" என்றேன்.